பதினைந்தாம் நாளில் ஊசி இல்லை

காலையில் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, கெங் ஷூமெய் ஊசிகளைப் பஞ்சில் இழுத்துப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார். ஒவ்வோர் ஊசியாக எடுத்து, பஞ்சுப் பொதிக்குள் செருகி, மெல்ல வெளியே இழுப்பார். ஒரே ஓர் இழை கூட ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும், “கொக்கி போட்டுட்டியா நீ? வெக்கமா இல்ல?” என்று அந்த ஊசியைத் திட்டுவார். முனை மடங்கியதைச் சாணைக்கல்லில் தீட்டுவார். வளைந்ததை மூங்கில் பட்டையில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் நீவி நிமிர்த்துவார். பிறகு எல்லாவற்றையும் அலுமினியப் பெட்டியில் அடுக்கி நீராவியில் வேகவைப்பார். மேல் தட்டில் கொழுக்கட்டை, கீழ்த் தட்டில் ஊசிப்பெட்டி. அடுப்புக் கரியை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது.

யாங்சி ஆற்றங்கரையில், படகுத்துறைக்கு மேலே ஏறும் படிக்கட்டுத் தெருவில் அவருடைய ஒற்றை அறை அக்குபங்சர் வைத்தியசாலை இருக்கிறது. வயது நாற்பத்தொன்பது. குட்டையான உருவம், பெரிய குரல். கணவர் தொலைவில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார்; மாதம் ஒருமுறை வந்து, மனைவியின் அதிகாரம் தாங்காமல் மறுநாளே திரும்பிவிடுகிறார் என்று தெருவில் பேச்சு. ஷூமெய் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தரை கழுவும்போது பார்த்தால் முழங்காலுக்குக் கீழே கரும்புள்ளிகளாக இருக்கும். கூட்டுப்பண்ணைகளின் கம்யூன் காலத்தில் அவர், குறுகிய பயிற்சி பெற்ற ‘வெறுங்கால் வைத்தியர்’; பாதி நாள் நெல் வயலில், மீதி நாள் நோயாளிகளிடம். ஊசி போடப் பழகியது முதலில் முள்ளங்கியில், பிறகு சோப்புக்கட்டியில், அதன்பின் தன் கால்களில்.

பயிற்சி வகுப்பில் ஒருவர் பழங்காலத்து வெண்கல மனிதனைப் பற்றிச் சொன்னாராம். சோங் மன்னர் காலத்தில் ஆளுயரத்துக்கு வார்த்து, உடம்பெங்கும் ஊசிக்கண் துளைத்து, மேலே மெழுகு பூசி, உள்ளே தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் கசியும், தவறினால் ஊசி உள்ளே இறங்காது. “நமக்கெதுக்கு வெண்கலம்? தப்பாக் குத்தினா நம்ம காலே கத்துமே!” என்று ஷூமெய் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தார். அந்த வயதில் அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார்.

நோயாளியிடம் அவர் கேட்பது மூன்றே கேள்விகள். “கடுக்குதா? மரத்துப்போகுதா? கனக்குதா?” பதில் வரத் தாமதமானால், “வாயில என்ன, கொழுக்கட்டையா?” என்பார். ஆனால் உண்மையில் அவருக்கு நோயாளியின் பதில் தேவையே இல்லை. ஊசியை இரண்டு விரலில் பிடித்து உருட்டிக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வார். உடம்பில் ஓடும் சக்தி வந்து ஊசியைக் கவ்வும்போது, தூண்டிலில் மீன் கடித்ததைப் போல ஓர் இழுப்பு விரலுக்குத் தெரியும். அந்த இழுப்பு வரும்வரை வெறும் தண்ணீர்தான். வந்ததும் கண்ணைத் திறந்து, “கவ்விடுச்சு” என்று சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி சூரியகாந்தி விதை கொறிக்க ஆரம்பித்துவிடுவார். மூட்டுவலிக்காரர்களுக்கு ஊசியின் வாலில் காய்ந்த மாசிபத்திரி இலை உருண்டையைச் செருகிக் கொளுத்துவதும் உண்டு. அந்தப் புகையில் அறையின் கூரையே கறுத்துப் போயிருக்கிறது.

சந்திர மாதத்தின் பதினைந்தாம் நாள் மட்டும் கதவு திறக்காது. ‘இன்று ஊசி இல்லை’ என்று பலகை தொங்கும். ஷூமெய் பின்கட்டில் மெத்தை உறைகளைத் துவைத்துக்கொண்டிருப்பார். பழைய வைத்தியக் கணக்கில் மனிதனின் உயிர் நாளுக்கு ஓர் இடமாக உடம்பைச் சுற்றி வருகிறது. முதல் நாள் கால் கட்டைவிரல், மறுநாள் கணுக்கால் என்று. உயிர் இருக்கும் இடத்தில் அன்றைக்கு ஊசி படக் கூடாது. முழுநிலா நாளில் அது உடம்பெங்கும் பரவி நிற்கும். எங்கே குத்தினாலும் அதன் மேல்தான் குத்தியாக வேண்டும். நகர மருத்துவமனையிலிருந்து வரும் இளம் மருத்துவர்கள், “நிலாவுக்கு லீவு விடுற ஒரே அரசாங்கம் உங்களோடதுதான் அக்கா” என்று கேலி செய்வார்கள். “நீங்க ஊசிய ஒடைக்காம போடக் கத்துக்கிட்டு வந்து பேசுங்கடா” என்று அவரும் விரட்டிவிடுவார். அதே கேலியை ஒரு காலத்தில் அவரே மற்றவர்களிடம் செய்தவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. பழைய மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த அந்த நாள் அட்டவணையைக் கிழித்து அடுப்பில் போட்டது, இருபதுகளில் இருந்த ஷூமெய்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மாட்டு ஆண்டின் எட்டாம் மாதம் பதினான்காம் நாள் காலை, தாவ் யுன் என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. படகைத் துறையில் கட்டக் கயிறு வீசும் லெய் சாங்ஹேயின் மனைவி அவள். காற்று பலமாக அடித்ததால் அன்று படகு இல்லை, மருத்துவமனையோ அக்கரையில். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்து, பதினைந்தாம் நாள் விடிந்தும் குழந்தை வரவில்லை. ஷூமெய் அவளுடைய கட்டைவிரல் சந்திலும் கணுக்காலுக்கு மேலும் ஊசி போட்டார். கட்டிலருகே நின்றிருந்த கிழவி ஒருத்தி, “இன்னிக்கி பதினஞ்சு” என்று தயங்கினாள். “நிலா வந்து பிள்ளை பெத்துக் குடுக்குமா?” என்று ஷூமெய் அவள் வாயை அடைத்தார். குழந்தை வந்துவிட்டது. நீலம் பாரித்திருந்தது. ஷூமெய் அதன் வாயில் மூச்சை ஊதி, தேய்த்து, தேற்றிவிட்டுத் திரும்பியபோது வைக்கோல் மெத்தை முழுவதும் ஈரமாக இருந்தது. தாவ் யுன் கண் திறந்தபடி போயிருந்தாள்.

யாரும் ஷூமெய்யைக் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் வழக்கப்படி லெய் சாங்ஹே சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை பிறந்த வீட்டு முட்டையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஷூமெய் அவர் எதிரிலேயே இரண்டைத் தின்றார். இன்றுவரை ஷூமெய்க்கு முட்டை தொண்டையில் இறங்குவதில்லை. என் ஊசிதான் அவளைக் கொன்றதா, அல்லது ஊசி போடாவிட்டாலும் போயிருப்பாளா? இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லக்கூடியவள் ஒருத்திதான், அவளும் மண்ணுக்குள் இருக்கிறாள்.

பன்னிரண்டு விலங்குகளின் பெயரும் ஒரு சுற்று முடிந்து, இந்த ஆண்டு மறுபடியும் மாட்டு ஆண்டு. எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள். தெருவெல்லாம் நிலாப் பணியாரம் மணக்கிறது. பின்கட்டில் ஷூமெய் மெத்தை உறையைப் பிழிந்துகொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

“பலகையப் பாக்கல? நாளைக்கு வா!”

“நாளைக்கு அவருக்கு ஒன்னும் இருக்காது அக்கா. நாளைக்கு வந்து நான் என்ன பண்ண?”

வந்தவள் பெங் லிஹுவா, லெய் சாங்ஹேயின் இரண்டாவது மனைவி. வேறு ஊரிலிருந்து வந்தவள். வந்த நாளிலேயே ஒரு கைக்குழந்தையையும் சேர்த்துப் பொறுப்பேற்றவள். எதற்கும் பதறாத அவள் அன்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“வருசம் பொறந்ததுலேருந்து இப்பிடித்தான். பதினஞ்சாம் தேதியானா வயித்தப் புடிச்சுக்கிட்டுப் படுத்துடுறாரு. துண்டக் கடிக்கிறாரு. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, ஒன்னுமில்லன்னுட்டாங்க. நிலா ஏறினதும் எழுந்து ஒக்காந்து சோறு கேக்குறாரு.”

“குடல்ல வாயு இருக்கும்.”

“நானும் ரெண்டு பெத்தவ அக்கா. அந்த மூச்சு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு மாசமும் வலி நீண்டுக்கிட்டே போகுது. இன்னிக்கி விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. நாடி நூல் மாதிரி ஓடுது. இந்தத் தடவ நிலா ஏறுற வரைக்கும் தாங்க மாட்டாரு.” லிஹுவா மூச்சு வாங்கினாள். “போன மாசம் ‘வெந்நி வச்சாச்சான்னு கேளு’ன்னாரு. யாரக் கேக்கணும்னேன். ‘சின்ன கெங்க’ன்னாரு. யாருக்கா அது, சின்ன கெங்?”

ஷூமெய் கையிலிருந்த மெத்தை உறை தொட்டிக்குள் விழுந்தது. ஊரே அவரை அக்கா என்கிறது. தான் மூன்று வயது மூத்தவள் என்ற உரிமையில் சின்ன கெங் என்று கூப்பிட்டவள் தாவ் யுன் மட்டும்தான்.

“பதிமூணு ஊசி போடு அக்கா. உனக்குத் தெரியும்னு சொன்னாங்க.”

பதின்மூன்று ஊசி என்பது பேய்க்குப் போடுவது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஏடுகளில் இருக்கிறது. நோயாளியின் உடம்பில் உட்கார்ந்திருப்பவரின் வீட்டை அறை அறையாக அடைத்துக்கொண்டே வருவது அதன் முறை. ஷூமெய் அதைப் படித்திருக்கிறார், போட்டதில்லை.

“இன்னிக்கி ஊசி போட்டா உன் புருசன் போயிடலாம், லிஹுவா. தெரிஞ்சுதான் கேக்கிறியா?”

“போடலன்னா போயிடுவாரு. அதுவும் தெரிஞ்சுதான் கேக்கிறேன்.”

ஷூமெய் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தார். பயமில்லாமல் இல்லை. மனைவியைக் கொன்ற அதே நாளில், அதே கையால் புருஷனையும் கொல்லப் போகிறோமோ என்று படிக்கட்டு முழுவதும் நினைத்துக்கொண்டேதான் இறங்கினார்.

லெய் வீட்டு முற்றத்தில் சியூ உட்கார்ந்து தாமரைக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது. பிறந்த விலங்கின் ஆண்டு திரும்பி வந்திருப்பதால், கெட்டது அண்டாமல் இருக்க இடுப்பில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். “அப்பா செத்துடுவாரா அத்தை?” என்று நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். “கிழங்கப் பாத்து சீவு, வெரல வெட்டிக்காத” என்றார் ஷூமெய்.

உள்ளே பகல் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஐம்பது வயது ஆண்பிள்ளை, கயிறு இழுத்து இழுத்துத் தோள் புடைத்த மனிதர், முழங்கால்களை மடக்கி அகட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தார். வாயில் துண்டு. கண் கூரையில் நிலைத்திருந்தது.

ஆணென்றால் இடப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஷூமெய் துண்டை உருவிவிட்டு, மூக்குக்குக் கீழே முதல் ஊசியை இறக்கினார். அந்த இடத்துக்குப் பேயின் மாளிகை என்று பெயர். விரலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் தண்ணீர். கை கட்டைவிரல் நகத்தோரம் பேயின் தூது, கால் கட்டைவிரலில் பேயின் மதில், மணிக்கட்டில் பேயின் நெஞ்சு. எங்கேயும் இழுப்பு இல்லை. உயிரோடிருக்கும் உடம்பில் நான்கு ஊசி போட்டு ஒன்றுகூடக் கவ்வாமல் ஷூமெய் பார்த்ததில்லை. கணுக்காலுக்குக் கீழே, பேயின் பாதை. லிஹுவா தலையைத் தூக்கிப் பிடிக்க, பிடரியில் பேயின் தலையணை. அப்போது கவ்வியது.

அது மீன் கடித்தது போல இல்லை. யாரோ ஊசியைக் கையால் பிடித்து உள்ளே இழுத்தது போல இருந்தது. ஷூமெய் கையை விட்டுவிட்டார். ஊசி தானாக அரை விரற்கடை இறங்கி நின்றது.

தாடையில், மோவாயில், உள்ளங்கையில், நெற்றி மயிரோரத்தில் என்று மளமளவென்று போட்டார். பதினோராவது இடம் வந்ததும், “அது பக்கத்து வீட்டு ஆம்பளைக்குப் பொம்பள போடுற எடமில்ல. அந்த ரூமு தொறந்தே கெடக்கட்டும்” என்று முணுமுணுத்தார். லிஹுவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டாவது, முழங்கை மடிப்பில். அதைப் போட்டு முடித்ததும் எல்லா ஊசிகளின் வாலும் ஒரே நேரத்தில் நடுங்கின.

நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கின. ஷூமெய் தன்னை அறியாமல் இடைவெளியை எண்ணினார். நாற்பது. அடுத்தது முப்பத்தைந்து. இருநூறு பிரசவம் பார்த்தவருக்கு அந்தக் கணக்கு என்னவென்று புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

“சின்ன கெங்.”

குரல் லெய் சாங்ஹேயின் குரல்தான். புகையிலையில் கரகரத்த அதே ஆண் குரல். உதட்டுக்கு மேலிருந்த ஊசி ஒவ்வொரு சொல்லுக்கும் ஆடியது.

லிஹுவா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக, “அவங்களா?” என்றாள். ஷூமெய் தலையாட்டினார்.

“என்ன வேணுமாம்? கேளு அக்கா.”

ஷூமெய் கேட்கும் வரை காத்திருக்க அந்த வாய்க்குப் பொறுமை இல்லை. “வந்துடுச்சா? ஏன் சத்தமே இல்ல? நீ ஏன் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிற, சின்ன கெங்?”

வசவு வரும், சாபம் வரும் என்றுதான் ஷூமெய் எதிர்பார்த்து வந்திருந்தார். அதற்கெல்லாம் தலை குனிந்து நிற்க அவருக்குத் தயக்கம் இல்லை. ஊசிப்பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலருகே குனிந்தார்.

“வந்துடுச்சு யுன் அக்கா. பொண்ணு. நல்லா இருக்கா.”

“பொய் சொல்லாத. அழவே இல்லயே. அழுதிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா?”

ஊசிகள் மறுபடி நடுங்கின. இருபது. லெய்யின் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கத்தரிக்காய் நிறமானது. அவர் முக்கினார். பெற்றதை அறியாமலே பன்னிரண்டு ஆண்டுகளாக முக்கிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி என்பது ஷூமெய்க்குப் புரிந்தது. கடைசி ஊசிக்கு உரிய இடம் நாக்குக்கு அடியில். பெயரே பேயின் முத்திரை. அதைப் போட்டால் அந்த வாய் மூடிவிடும், அவள் போய்விடுவாள். இப்படியேவா அவளை அனுப்புவது? கை எழவில்லை.

லிஹுவாதான் முற்றத்தைப் பார்த்துக் கத்தினாள். “சியூ! கிழங்கப் போட்டுட்டு இங்க ஓடியா!”

சியூ ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள். அப்பாவின் முகத்தில் ஊசிகளைப் பார்த்து வாய் பிளந்தாள். லிஹுவா அவள் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “உன்னப் பெத்தவங்க வந்திருக்காங்க. நீ அழுற சத்தம் கேக்கணுமாம். அழு.”

“எனக்கு அழுக வரலயேம்மா.”

“ஒரு கிண்ணம் ஒடைச்சா ஊரக் கூட்டுவ, இப்ப வரலங்கிறியா! அழுடி!”

பெண்ணுக்கு உண்மையாகவே வரவில்லை. பயத்தில் கண் காய்ந்து நின்றது. அடுத்த நடுக்கம் பன்னிரண்டில் வந்தது. லெய்யின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. ஷூமெய் சட்டென்று மண்டியிட்டு, சியூவின் வலது காலைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கால் குழியில் ஊசியை நேராக இறக்கினார். உடம்பில் அதைவிட வலிக்கும் இடம் வேறு இல்லை. மூர்ச்சையானவர்களை எழுப்புவதற்கென்றே வைத்திருக்கும் இடம். பதினைந்தாம் நாளில், ஒரு குழந்தை உடம்பில்.

சியூ வீறிட்டாள். தெருக்கோடிவரை கேட்கிற சத்தம். ஊசியை எடுத்த பிறகும் நிற்கவில்லை. வலியில் தொடங்கிய அழுகை வேறு எங்கோ போய், “அம்மா, அம்மா” என்று ஏங்கி ஏங்கி வந்தது. எந்த அம்மாவை என்று அவளுக்கே தெரிந்திருக்காது. லிஹுவா அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள்.

ஊசி வால்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பாதத்தில், மணிக்கட்டில், கடைசியாக நெற்றியில். லெய்யின் முழங்கால்கள் மெல்லச் சரிந்து நீண்டன. நாடி விரலுக்குக் கீழே தடித்து வந்தது. “அடேயப்பா, என்ன தொண்ட” என்றது அந்த வாய். அதில் சிரிப்பு இருந்தது. கொஞ்ச நேரம் அழுகையைக் கேட்டுக்கொண்டு கிடந்தது.

பிறகு கூரையில் நிலைத்திருந்த கண்கள் இறங்கி ஷூமெய்யைப் பார்த்தன.

“சின்ன கெங், நீ எங்கிட்ட ஒன்னு கேக்கணும்னு இத்தன வருசமா வச்சிருக்க. நான் போறேன். போறதுக்குள்ள கேட்டுடு. சொல்றேன்.”

ஷூமெய்யின் வாய் திறந்தது. அந்தக் கேள்வி அவருக்கு மனப்பாடம். மெத்தை உறை துவைக்கும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகியது. இரண்டு வரிகூட இல்லை. கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கோபமாகவா, பரிவாகவா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கேள்வியைக் கேட்காமலே அவர் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணித் துண்டை எடுத்து விரல்களில் சுற்றிக்கொண்டார். திறந்திருந்த லெய்யின் வாய்க்குள் கையை விட்டு, நாக்கின் நுனியைப் பிடித்து மேலே தூக்கி, அதன் அடியில் கடைசி ஊசியைப் போட்டார்.